முதல் தோள்

வலது பக்கம் உக்காராதீங்க சார், இப்படி இடது பக்கம் வந்துடுங்க. யாராவது லேசா இடிச்சாக்கூட உசுரு போயிட்டு வருது. ஆங், இப்ப சரி. ஸ்கேனுக்கு உள்ள போனாங்களே, அவங்க உங்க வீட்டம்மாவா? முழங்காலா? பயப்படாதீங்க. நான் காலையிலயே படுத்து எந்திரிச்சு வந்துட்டேன். ரெண்டு மணிக்கு ரிப்போர்ட்டுன்னாங்க, இப்பவே ரெண்டரை ஆவுது. மாப்பிள்ளை வண்டிக்குப் பெட்ரோல் போடப் போயிருக்கார். நீங்க வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர்னு சீட்டு எழுதற பொண்ணுகிட்ட சொன்னீங்கல்ல, காதுல விழுந்துச்சு. ரிப்போர்ட் வந்தா கொஞ்சம் படிச்சுச் சொல்லணும். மாப்பிள்ளையும் படிப்பார். ஆனா அவர் ஒண்ணைப் படிச்சா ஊருக்கே படிச்சுடுவார்.

உள்ள ஒண்ணுமில்லை சார், சத்தந்தான். ஒரு குழாய்க்குள்ள தள்ளி விட்டுடறாங்க. இரும்பு கிரும்பு இருக்கான்னு கேட்டாங்க, அரைஞாண்ல ஒரு தாயத்து கெடந்துச்சு, அவுத்துக் கொடுத்தேன். தோள்ல ஒரு கிண்ணம் மாதிரி எதையோ வச்சுக் கட்டி, அரைமணி நேரம் அசையக் கூடாதுன்னார் அந்த ஆபரேட்டர். யாருகிட்ட சொல்றீங்க, ஒண்ணேகால் மணி நேரம் கருடனைத் தோள்ல வச்சுக்கிட்டு ஒரே எடத்துல நின்னவன்யா நான்னேன். அவருக்குப் புரியலை. உங்களுக்கும் புரிஞ்சிருக்காது.

நான் பாதந்தாங்கி சார். பெருமாள் வீதி உலா வர்றப்ப தோள்ல தூக்கிட்டுப் போறவங்க. இங்க தொட்டுப் பாருங்க. சும்மா அமுக்கிப் பாருங்க, இந்த மேட்டுல வலிக்காது, இது காய்ப்பு. நாப்பத்தோரு வருஷக் காய்ப்பு. வலியெல்லாம் அதுக்குக் கீழ, உள்ளுக்குள்ள.

எங்க கோயில்ல பதினாறு பேர். வாகனத்துக்கு அடியில ரெண்டு தண்டு, ஒவ்வொரு தண்டுக்கும் முன்னால நாலு, பின்னால நாலு. வலது தண்டுல எல்லாருக்கும் முன்னால நிக்கறவனுக்கு முதல் தோள்னு பேரு. அது நான். முதல் தோள் நில்லுன்னா நிக்கணும், நடன்னா நடக்கணும். பதினாறு பேருக்குள்ள ஒரு வழக்குன்னா முதல் தோள் சொல்றதுதான் தீர்ப்பு. கோயில் ஆபீசர்கூட அதுல தலையிட மாட்டார். அவ்வளவு மரியாதை இருந்தும் என் கூடப் பொறந்தவனால எனக்கு வந்த தலைகுனிவு யாருக்கும் வரக் கூடாது சார்.

ஆமருவின்னு பேரு. என்னைவிட ஆறு வயசு சின்னவன். அவனுக்கு முதல்முதல்ல தோள்ல துணி மடிச்சு வச்சு, கால் மாத்தக் கத்துக் கொடுத்ததே நான்தான்.

மூணு வருஷம் ஆவுது இந்தப் பங்குனி வந்தா. கருட சேவை. தெற்கு வீதி முக்குல ஏத்திக் காட்டறதுன்னு ஒண்ணு உண்டு எங்க ஊர்ல. தோள்ல இருக்கற தண்டை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கி நிறுத்தணும், கை ரெண்டும் நேரா நிக்கணும். மூணு தடவை. கூட்டத்துல கடைசியில நிக்கறவன்கூடப் பெருமாள் மொகத்தைப் பாத்துடுவான். அதுக்குன்னே வெளியூர்லேர்ந்து சனம் வரும்.

அதுக்கு முந்தின ஐப்பசியிலேர்ந்தே அவன் போக்கு சரியில்லை. அதையும் சொல்லணும்ல. குளத்துப் படியில நான் வழுக்கி வலது கையை ஊணிட்டேன். உள்ள டக்குனு ஒரு சத்தம். அவன் கூட இருந்தான், அவன்தான் தூக்கி விட்டான். ஆஸ்பத்திரிக்குப் போவோம்ணேன்னான். வாயுடா, போடான்னேன். வாயுதான் சார் அது. தைலம் தேச்சேன், கேட்டுச்சு. என்ன, கொஞ்ச நாளைக்கு நாமம் போட வலது கை நெத்திக்கு எட்டலை, இடது கையால போட்டுக்கிட்டேன். தலைக்குத் தண்ணி என் சம்சாரம் செங்கமலம் ஊத்திவிட்டா. வயசானா இதெல்லாம் வர்றதுதானே.

மார்கழி முப்பது நாளும் உலா உண்டு, தெனம் ஒரு ஏத்தமும் உண்டு. அந்த மார்கழிக்கு என்ன பண்ணினான் தெரியுமா. அவன் எடம் நாலாவது. ஒவ்வொருத்தன் காலையும் கையையும் புடிச்சு எடத்தை மாத்திக்கிட்டு எனக்கு நேர் பின்னால, ரெண்டாம் தோளுக்கு வந்து நின்னான். எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. எனக்கப்புறம் முதல் தோள் ரெண்டாவது ஆளுக்குத்தான் போவும். அதுக்கு இப்பவே அடி போடறான்னு புரிஞ்சுது. மூச்சு என் கழுத்துல படற மாதிரி ஒட்டிக்கிட்டு நிப்பான். தள்ளி நில்லுடான்னா நிக்க மாட்டான். அவன் கை ரெண்டும் என் கைக்கு ஒட்டினாப்புல தண்டுல இருக்கும்.

ஆனா ஒண்ணு சார், அந்த மார்கழி முச்சூடும் தண்டு பூவாட்டம் இருந்துச்சு. வயசு ஏற ஏறப் பாரம் கொறையுதே, இது பெருமாள் கடாட்சம் இல்லாம வேற என்னன்னு செங்கமலத்துகிட்ட சொல்லிச் சொல்லி அழுதிருக்கேன்.

அப்புறம் கருட சேவை அன்னிக்கு. உபயதாரர் மகன் வெளிநாட்டுலேர்ந்து வந்திருந்தார், நாப்பது வயசு இருக்கும். அவருக்கு ஒரு மரியாதைக்குத் தண்டு தொடணும்னு ஆசை. எனக்கும் ரெண்டாம் தோளுக்கும் நடுவுல நிறுத்தினேன். அதுதானே கௌரவம். இவன் வந்து எல்லார் எதிர்லயும் என் கையைப் புடிக்கறான். "ண்ணே, இன்னிக்கு ஒனக்கும் எனக்கும் நடுவுல ஆளை விடாதே. அவரை எனக்குப் பின்னால விடு"ங்கறான். உபயதாரர் நின்னுக்கிட்டிருக்கார் சார். எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியலை. ஒன் எடம் ஒண்ணும் பறிபோயிடாதுடா, பின்னால போன்னேன். "எடத்துக்கு இல்லண்ணே"ன்னான். வேற எதுக்குன்னேன். சுத்தி எல்லாரும் இருக்காங்க, பொறாமைன்னு எப்படிச் சொல்லுவான்.

முதல் ஏத்தம் ஏத்தினோம். கருடன் கனம் அன்னிக்குன்னு பாத்து மலையா இருந்துச்சு. ரெண்டாவதுல கண்ணு இருட்டுச்சு எனக்கு. பின்னாலேர்ந்து இவன் கத்தறான், "ண்ணே, எறக்கிடு, எறக்கிடு"ன்னு. நான் முதல் தோள், எனக்கு உத்தரவு போடறான் பாருங்க. மூணாவது ஏத்தம். தண்டு சரிஞ்சுடுச்சு.

அதைச் சொல்லவே நாக்கு கூசுது. கருடன் மூக்கு தரையில இடிச்சு ஒடைஞ்சுது. பட்டர் பெருமாளை மாரோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டார், இல்லேன்னா என்ன ஆயிருக்கும். கூட்டத்துல ஒரு பொம்பளை வாயில அடிச்சுக்கிட்டா.

அன்னிக்கே மண்டபத்துல கூடினோம். யார் விட்டது? நான் முதல் தோள், நான்தான் சொல்லணும். உபயதாரர் மகன் பேருக்குத் தொட்டுக்கிட்டு நின்னவர், அவரைச் சொல்ல முடியாது. நான் விடலை, எனக்குத் தெரியும், கடைசி வரைக்கும் என் ரெண்டு கையும் தண்டுலதான் இருந்துச்சு. அப்ப யாரு? ஆமருவிதான்னேன். முன்பக்கமாச் சாஞ்சதாலதானே மூக்கு ஒடைஞ்சுதுன்னு எவனோ ஒருத்தன் இழுத்தான். வாயை மூடுடான்னேன், மூடிட்டான்.

தம்பியைக் கேட்டேன். "நான் விடலண்ணே"ன்னான். அப்ப யார்றா விட்டது, சொல்லுன்னேன். என்னை ஒரு பார்வை பாத்தான். பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். குத்தமில்லாதவன் எதுக்கு சார் தலையைக் குனியணும்?

எங்களுக்குள்ள ஒரு கட்டு உண்டு. தண்டை விட்டவன் மறுபடி தண்டு தொடக் கூடாது. அவன் வீட்டுல கொடுக்கல் வாங்கல் கூடாது. அவன் செத்தா பதினாறு பேர்ல ஒருத்தனும் தோள் கொடுக்கக் கூடாது. மத்தவங்க செத்தா எப்படித் தெரியுமா, பதினாறு பேரும் அதே வரிசையில நின்னு பெருமாளைத் தூக்கற நடையிலயே பாடையைத் தூக்கிட்டுப் போவோம், கிண்ணத்துல பால் வச்சாலும் சிந்தாது. அது அவனுக்குக் கெடையாதுன்னு ஆயிடுச்சு. நான்தான் சொன்னேன்.

பத்து நாள் கழிச்சு வந்தான். கையில பெரிய கவர். இதே மாதிரி எங்கயோ போயித் தோளை ஸ்கேன் எடுத்துட்டு வந்திருக்கான். படத்தை மண்டபத்துல வெயிலுக்கு நேரா தூக்கிப் புடிச்சான். என் தோள்ல ஒரு பழுதும் இல்லை, நான் விட்டிருக்க முடியாது, ரெண்டு தோளையும் பாருங்கன்னான். கறுப்பும் வெள்ளையுமா இருந்துச்சு, எங்களுக்கு என்ன தெரியும். அப்புறம் எங்கிட்ட தனியா வந்து மெதுவா, "ண்ணே, நீயும் ஒரு தடவை எடுத்துப் பாரேன்"னான். எனக்கு வந்துச்சே கோவம். தோள் நல்லாயிருந்தும் விட்டேன்னா அப்ப ஒன் மனசுலதான்டா பழுதுன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். அவன் படத்தைக் கவர்ல போட்டுக்கிட்டு எறங்கிட்டான். திருப்பூருக்குப் போயிட்டான், ஒரு மில்லுல மூட்டை எறக்கற வேலை.

போன ஐப்பசியில செத்துப் போயிட்டான் சார். நெஞ்சு வலின்னாங்க. ஆம்புலன்ஸ்ல ஊருக்குக் கொண்டாந்தாங்க. டிரைவரும் இன்னொருத்தரும், கூட மில்லுலேர்ந்து வந்த ரெண்டு வடநாட்டு ஆளுங்களும் பாடையைத் தூக்கினாங்க. அவங்களுக்குக் கால் மாத்தி வைக்கத் தெரியலை. அவன் தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடுச்சு. நான் எதிர்வரிசையில பந்தக்கால் ஓரமா நின்னு பாத்தேன். எனக்கு வலிக்காதா? வலிச்சுது. ஆனா கட்டு போட்டவனே மீறலாமா? அதோட அன்னிக்கு இந்தக் கையும் ரொம்பக் குத்திக்கிட்டிருந்துச்சு.

இப்ப அவன் பொண்டாட்டி குமுதவல்லி வந்து நிக்கறா. போன வாரம். வீட்டுக்குள்ள வரலை, வாசப்படிக்கு வெளியிலயே நின்னா. அவ பொண்ணு அபரஞ்சிக்கு ஒரு எடம் வந்திருக்காம். அவங்களும் பாதந்தாங்கிதான், பக்கத்து ஊர்க் கோயில்ல. இந்த வியாழக்கிழமை என்னைத்தான் கேக்க வர்றாங்களாம், அது பெருமாளைக் கீழ போட்ட வீடுதானான்னு. "மாமா, அவர் விடலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். அவருக்கு வேண்டாம், இந்தப் பொண்ணுக்காகச் சொல்லுங்க"ன்னா. எனக்கும் அந்தப் பொண்ணுன்னா உசுரு, நான் தூக்கி வளத்த பொண்ணு. ஆனா பெருமாள் காரியத்துல நான் எப்படி சார் பொய் சொல்லுவேன்? உண்மைன்னா சொல்லிட மாட்டேனா? அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன். போயிட்டா.

இருங்க, என் பேரு கூப்பிடறாங்க. சௌரிராஜன், ஆமாம்மா, நான்தான். டாக்டரம்மா உள்ள வரச் சொல்றாங்களா? சார், இந்தத் துண்டைக் கொஞ்சம் பாத்துக்குங்க.

•

போதும் சார், நகர வேண்டாம், நான் இப்படியே உக்காந்துக்கறேன்.

தண்ணி இருக்கா? கொடுங்க.

சின்ன வயசு அம்மா சார் அந்த டாக்டர். நல்ல மாதிரியாத்தான் பேசினாங்க. கம்ப்யூட்டர்ல என் தோளைக் காட்டினாங்க. அது என்னுதுன்னு சொன்னாத்தான் தெரியுது. எலும்பு ஒரு உருண்டை. அதுக்கு மேல கறுப்பா ஒரு பட்டை வந்து எலும்புல ஒட்டணுமாம். அதுதான் சவ்வு, அதுதான் கையைத் தூக்குதாம். எனக்குப் பாதியிலயே நிக்குது. மீதி எங்கம்மான்னேன். அறுந்து, சுருங்கி, உள்ள போயிடுச்சுன்னாங்க. அந்த எடத்துல வெள்ளையா இருக்கே, அது நீராம்.

சரி, ஒட்டுப் போடுங்கன்னேன். முடியாது பெரியவரேன்னாங்க. சவ்வைப் புடிச்சு இழுக்கற சதை இருக்கு பாருங்க, அது வேலையே இல்லாமக் கெடந்து கொழுப்பா மாறிடுச்சாம். ஆட்டுக்கறியில வெள்ளை வெள்ளையா ஓடுமே, அப்படி ஓடுது படத்துல. இது இப்ப நேத்து ஆனதில்லை, குறைஞ்சது மூணு வருஷத்துக்கு மேல ஆயிருக்கும், அப்ப எங்கயாவது கீழ விழுந்தீங்களான்னு கேட்டாங்க. குளத்துப் படியைச் சொன்னேன். சத்தம் கேட்டுச்சான்னாங்க. கேட்டுச்சுன்னேன். அப்பத்தான் அறுந்திருக்குன்னாங்க.

அதுக்கப்புறமும் கையைத் தலைக்கு மேல தூக்கினேனேம்மா, மார்கழி முச்சூடும் தூக்கினேனேன்னேன். அந்தம்மா சிரிச்சாங்க. "பாரத்தோடயா? வாய்ப்பே இல்லை பெரியவரே. வேற யாராவது தூக்கியிருப்பாங்க. நீங்க சும்மா கையை வச்சிருந்திருப்பீங்க"ன்னாங்க.

வேற யாராவதுன்னாங்க சார்.

அந்த மார்கழியில எனக்குப் பின்னால யார் இருந்தான்னு உங்ககிட்டதானே சொன்னேன். எம் பங்கையும் சேத்து அவன் தூக்கியிருக்கான். முப்பது நாளும். ஒருத்தன்கிட்டயும் சொல்லாம. கருட சேவை அன்னிக்கு நடுவுல ஆளை நிறுத்தினேன், அவனுக்குக் கை எட்டலை. எறக்கிடு எறக்கிடுன்னு கத்தினான். மண்டபத்துல, யார்றா விட்டதுன்னு அவனைக் கேட்டேன் சார் நான். அவன் என்ன சொல்லுவான். எங்கண்ணன்தான்னு பதினாறு பேர் எதிர்ல எப்படிச் சொல்லுவான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் எடம் போயிருக்கும். அவன் எடம் போனாப் போவட்டும்னு நின்னிருக்கான்.

நான் அவன் பாடையைத் தொடலை.

இல்லை, ஒண்ணுமில்லை. பொம்பளைங்க பாக்கறாங்க, தொடைச்சுக்கறேன். இடது கையாலதான் தொடைக்கணும்.

இந்தத் தாளை ஒரு தடவை படிச்சுப் பாருங்க சார். அதுல வருஷம் போட்டிருக்கா? மூணு வருஷம்னு எங்கயாவது இருக்கா? நாள்பட்டதுன்னு மட்டுந்தான் இருக்கா? எத்தனை நாள்னு இல்லைல்ல. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கடைசி வரி வரைக்கும் இல்லை. சரி.

அந்தம்மாவும் ஆயிருக்கும்னுதான் சொன்னாங்க. மெஷினுக்குத் தேதியா தெரியும்? ஒரு வேளை பாதி அப்ப அறுந்து, மீதி அப்புறமா அறுந்திருக்கலாம். நான் சொல்றது புரியுதுல்ல. நடக்காதுன்னு சொல்ல முடியாதுல்ல சார்.

நான் சொல்லாம இருக்க மாட்டேன். சொல்லிடுவேன். ஆனா பாருங்க, அடுத்த புதன்கிழமை கொடியேத்தம். இந்தத் தடவை கருடனுக்குப் புது மூக்கு வச்சு, தங்கரேக்கு ஒட்டி வந்திருக்கு. மூணு வருஷம் கழிச்சு ஏத்திக் காட்டப் போறோம். முன்னால நான் நிக்கணும்னு எல்லாரும் எதிர்பாக்கறாங்க. இப்பப் போயி நான்தான் விட்டேன்னு சொன்னா, திருவிழாவே நின்னு போயிடும். எனக்காகச் சொல்லலை, பெருமாளுக்காகச் சொல்றேன். பத்து நாள்தான். இந்த ஒரு திருவிழா. முடிஞ்ச மறுநாள் மண்டபத்துல கூட்டி, நானே எம் வாயால சொல்லிடறேன். அவன் பேரைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் மறுவேலை.

வியாழக்கிழமையா? அவங்க வரட்டும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாப் போச்சு. பொய்யில்லைல்ல அது. அந்த எடம் இல்லேன்னா இன்னொரு எடம். பொண்ணுக்கு இருபத்தி மூணு வயசுதான் ஆவுது. குமுதவல்லி மூணு வருஷம் பொறுத்தா, இந்தத் திருவிழா முடியற வரைக்கும் பொறுக்க மாட்டாளா?

முன்னால நின்னு எப்படித் தூக்குவேன்னு பாக்கறீங்க. பாதந்தாங்கிங்க எல்லாம் தங்கமான ஆளுங்க சார். பின்னால ஒரு நல்ல ஆளாப் பாத்து ஒட்டி நிறுத்திக்கறேன்.

நீங்க இந்த ஊர்தானே? எங்க பக்கம் சொந்தபந்தம் யாரும் இல்லையே? நல்லதாப் போச்சு. படிச்சவங்க, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தா மாப்பிள்ளை வர்றார். அந்தத் தாளை இப்படிக் கொடுங்க, மடிச்சு இடுப்புல வச்சுக்கறேன்.

வாங்க மாப்ளே. வாங்கிட்டேன், டாக்டரம்மாவையும் பாத்துட்டேன். ஒண்ணுமில்லையாம். வாயுதானாம். தைலம் தேச்சுக்கிட்டு வழக்கம் போல இருக்கச் சொல்லிட்டாங்க. இந்த சார்தான் படிச்சுச் சொன்னார். கேட்டுக்குங்க. சொல்லுங்க சார், மாப்பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிடுங்க.

என்ன சார் எந்திரிச்சுட்டீங்க? உங்க வீட்டம்மா இன்னும் வெளிய வரலையே. சார்.